அக்கரையில் மேடான், இக்கரையில் நாம்

விடியற்காலை நான்கு மணி இருக்கும். டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய எங்கள் பழைய வரிசை வீட்டின் தகரக் கூரை திடீரெனப் படபடத்தது. அதுவரை இலைகூட அசையவில்லை. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். அடுத்த நிமிடம் கதவுகள் அடித்துக்கொண்டன. கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில். பின்னாலேயே மழை.

என் பாட்டி இருந்தவரை இதற்கு ஒரே பெயர்தான். "சுமத்ராக் காத்து வருது, ஜன்னலைச் சாத்து!" சிறுவயதில் அது பாட்டியே வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, வானிலை ஆய்வாளர்களும் இதைச் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள் என்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இரவு நேரத்தில் சுமத்ராவுக்கும் மலாக்கா நீரிணைக்கும் மேலே இடிமேகங்கள் வரிசை கட்டும். அந்த வரிசை கிழக்கே நகர்ந்து, விடிவதற்குள் நம் மேற்குக் கரையைத் தொடும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று அடிக்கும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

அன்று எங்கள் வரவேற்பறையில் மேடானிலிருந்து வந்திருந்த அத்தை படுத்திருந்தார். என் தாத்தாவின் தம்பி மகள். அப்பாவுக்குத் தங்கை முறை. கண்ணில் புரை அறுவைச் சிகிச்சைக்காகப் பினாங்கு வந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டுடன் எழுந்து உட்கார்ந்தவர் சிரித்தார்.

"என்ன மருமவனே, எங்கூரு காத்து என்னைத் தேடிக்கிட்டு இங்கேயே வந்துடுச்சு பாத்தியா?"

அன்று முழுக்க எனக்கு அந்தப் பேச்சுதான் மனத்தில் ஓடியது. காற்றுக்குக் கடப்பிதழ் தேவையில்லை. அத்தைக்குத் தேவை. எங்கள் குடும்பத்தை இரண்டு நாட்டுக் குடிமக்களாகப் பிரித்து வைத்திருக்கும் அந்தக் கடலைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

பாடாங் கோத்தாவில் தெரிவது எந்தக் கடல்?

வெளியூர் நண்பர்கள் வந்தால் பாடாங் கோத்தாவுக்கு அழைத்துப் போவது வழக்கம். எதிர்க்கரையைக் காட்டி "அதுதான் சுமத்ராவா?" என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை, அது பட்டர்வொர்த். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள சிறிய கால்வாய் அது. மலாக்கா நீரிணையை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் தீவின் முதுகுப்புறம், பாலிக் பூலாவ் பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு மீனவக் கிராமத்தின் பெயரே பந்தாய் ஆச்சே. ஆச்சே கடற்கரை என்று பொருள். ஆனால் அங்கே நின்றாலும் ஆச்சே தெரியாது. கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர்தான்.

காரணம், நீரிணையின் வடிவம். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கடல்வழி ஒரு புனலைப் போன்றது. நாம் இருக்கும் வடக்குப் பக்கம் அகன்ற வாய். இங்கே அக்கரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெற்கே போகப் போக ஒடுங்குகிறது. போர்ட் டிக்சனுக்கு அருகே தஞ்சோங் துவானில் எதிரே உள்ள ரூப்பாட் தீவுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே திரும்பும் பருந்து வகைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்துக் கடலைக் கடக்கின்றன. இறக்கை அடிக்காமல் வெப்பக் காற்றில் மிதந்து செல்லும் பறவைக்குக் கடல் குறுகலாக இருந்தால்தான் பிழைப்பு. இன்னும் தெற்கே, சிங்கப்பூர் அருகே பிலிப்ஸ் கால்வாயில் கப்பல் செல்லும் வழி 2.8 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இந்தப் புனலுக்குள்தான் உலகக் கடல் வாணிபத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நுழைந்து வெளியேறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள். மேற்காசியாவின் எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இந்த வழியாகத்தான் போகிறது. சில இடங்களில் ஆழம் 25 மீட்டர் அளவே என்பதால், இதில் தட்டாமல் போகக்கூடிய மிகப்பெரிய கப்பலின் அளவுக்கே 'மலாக்காமேக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சோழர் பட்டியலில் இரு கரையும்

வானம் தெளிந்த காலையில் தீவின் வடகரையில் நின்றால் கெடாவின் குனோங் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த பாய்மரக் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் கடாரம் என்றழைத்த நாடு.

1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இந்த நீரிணைக்குள் நுழைந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவன் வென்ற ஊர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் கடாரம் இக்கரை. பண்ணையும் மலையூரும் அக்கரையான சுமத்ரா. இலாமுரிதேசம் என்பது இன்றைய ஆச்சே. அன்றைக்கு இரண்டு கரையையும் தன் கையில் வைத்திருந்தது ஸ்ரீவிஜயம். அக்கரை, இக்கரை என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

படைக்குப் பின்னால் வணிகர்களும் வந்தார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்றோர் ஊர். கற்பூரத்துக்குப் பெயர் போனது. மலாயில் இன்றும் 'காப்பூர் பாரூஸ்' என்கிறோம். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு வைத்தது. மேடானுக்கு மேலே உள்ள கரோ மலைநாட்டில் செம்பிரிங் என்றொரு குலம் உண்டு. அதன் கிளைப் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி. சோழர், பாண்டியர், மலையாளம், பல்லவர் என்று காதில் விழவில்லையா? ஆய்வாளர்கள் பலர் இதில் தென்னிந்தியத் தொடர்பைப் பார்க்கிறார்கள்.

லண்டனில் போட்ட கோடு

அக்கரை மனிதர்கள் இங்கு வந்த கதையும் உண்டு. மலாக்காவை உருவாக்கிய பரமேஸ்வரா பாலெம்பாங்கிலிருந்து வந்தவர். பிரான்சிஸ் லைட் 1786இல் கொடி ஏற்றுவதற்கு முன்பே, சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் நம் பினாங்கின் பத்து ஊபானில் குடியேறியிருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் லெபோ ஆச்சேயை உருவாக்கியவர்கள் ஆச்சேயிலிருந்து வந்த வணிகர்கள். அந்தப் பள்ளிவாசல் 1808இல் எழுந்தது. ஆச்சே மிளகு இங்கே வந்து குவிந்து, இங்கிருந்து உலகத்துக்குப் போனது.

1824 மார்ச் 17ஆம் நாள் லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மலாக்கா பிரிட்டனுக்கு, சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரருக்கு. இனி தீபகற்பம் ஒருவருக்கு, சுமத்ரா மற்றவருக்கு. நீரிணையின் நடுவே ஒரு கோடு விழுந்தது. கையெழுத்திட்டவர்கள் இரு கரையில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் போட்ட கோடு அல்ல அது. ஆனால் இன்று மலேசியா, இந்தோனேசியா என்று நாம் சொல்லும் பிரிவுக்கு அதுதான் விதை.

ஒரு கப்பலில் வந்த இரண்டு பேர்

என் தாத்தாவும் அவர் தம்பியும் 1930களில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறினார்கள். தாத்தாவுக்கு 20 வயது, தம்பிக்கு 17. பினாங்கில் இறங்கிய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தம்பிக்கு மேடானில் ஒரு துணிக்கடையில் வேலை என்று ஊர்க்காரர் ஒருவர் அழைத்தார். ஓரிரவு கப்பல் பயணம்தான். "அடுத்த மாசம் வந்துடுறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மேடான் அப்போது நம்மவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. 1863இல் டெலி பகுதியில் டச்சுக்காரர்கள் புகையிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து சீனர்களும் தமிழர்களும் பினாங்கு வழியாக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். மேடான் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது. கோயிலைச் சுற்றியிருந்த கம்போங் கெலிங்கை இன்று கம்போங் மெட்ராஸ் என்கிறார்கள்.

சின்னத் தாத்தா அங்கேயே கல்யாணம் செய்து கொண்டார். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூசத்துக்குத் தவறாமல் வந்துவிடுவார். கருவாடும் புகையிலையும் கொண்டு வருவார். இங்கிருந்து மல்லியும் மிளகாயும் கட்டிக்கொண்டு போவார். 1963 வரை இப்படித்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மலேசியா உருவானது. அதை ஏற்காத சுகர்ணோ அரசு வாணிப உறவை முறித்தது. 'கொன்ஃப்ரோந்தாசி' என்ற மோதல் முற்றியது. சுமத்ராவோடு நடந்த வாணிபத்தை நம்பியிருந்த பினாங்குத் துறைமுகம் படுத்துவிட்டது. தாத்தாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை கிடைத்தது. கப்பல் நின்றது. எங்கள் வீட்டுக்குக் கடிதமும் நின்றது.

1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன. அதன் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. சின்னத் தாத்தா 1964லேயே இறந்துவிட்டார் என்று அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு தைப்பூசத்திலும் தாத்தா தண்ணீர்மலைக்கு நடந்து போய், தம்பியின் பெயரைச் சொல்லி, நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அர்ச்சனை செய்திருக்கிறார். கடிதம் வந்த அன்று அவர் யாரிடமும் பேசவில்லையாம். மறுநாள் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கருவாடு சாப்பிடவில்லை.

தண்ணீர் மேல் எல்லை

உறவு சீரான பிறகு கோடுகள் முறைப்படி வரையப்பட்டன. 1969இல் கடலடித் தரைக்கான எல்லை. 1970இல் கடற்பகுதி எல்லைக்கான உடன்படிக்கை. அதில் கையெழுத்தான நாள், தற்செயலாக, அதே மார்ச் 17. நீரிணையின் தென்கோடியில் முடிவாகாமல் கிடந்த ஒரு பகுதிக்கு 2023 ஜூனில்தான் புத்ராஜெயாவில் கையெழுத்தானது.

ஆனால் நம் பக்கம், அகன்ற வடபகுதியில், கடலடித் தரைக்கு ஒப்புக்கொண்ட கோட்டை மேலே உள்ள தண்ணீருக்கும் அதிலுள்ள மீனுக்கும் இரு நாடும் ஒருமித்து ஏற்கவில்லை. மலேசியா ஒரு கணக்குச் சொல்கிறது, இந்தோனேசியா வேறு கணக்குச் சொல்கிறது. நடுவில் மாட்டுவது மீனவர். இக்கரைப் படகை அக்கரைக் காவல் பிடிக்கும். அக்கரைப் படகை இக்கரைக் காவல் பிடிக்கும். பிடிபடும் மீனவர்களைக் கண்ணியமாக நடத்தி, முடிந்தவரை எச்சரித்துத் திருப்பி அனுப்புவது என்று 2012இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பாக் நீரிணையில் இராமேசுவரம் மீனவர்கள் படும் பாட்டைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடலும் நினைவுக்கு வரும்.

கடற்கொள்ளை மட்டும் இரு கரையையும் ஒன்றாக நிற்க வைத்தது. 2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து ரோந்தைத் தொடங்கின. 2005இல் லண்டன் காப்புறுதிச் சந்தை இந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதியில் சேர்த்தது. கப்பல்களின் காப்புறுதிச் செலவு ஏறியது. கூட்டு ரோந்து பலன் தந்ததால் 2006 ஆகஸ்டில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. ஒன்றாக நின்றால் இந்தக் கடலைக் காக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அலைக்கும் புகைக்கும் எல்லை இல்லை

2004 டிசம்பர் 26. நமக்குக் காலை ஒன்பது மணி ஆகும் நேரத்தில் ஆச்சே கடலடியில் பூமி பிளந்தது. மதியம் ஒரு மணியளவில் அலை பினாங்கைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைகளில் குடும்பங்கள். பினாங்கில் மட்டும் 52 பேர், நாடு முழுவதும் 68 பேர் மாண்டார்கள். நம் இழப்பு இந்த அளவோடு நின்றதற்குக் காரணம், சுமத்ராவின் தலைப்பகுதி அலையின் முழு வேகத்தை மறித்துக்கொண்டதுதான். அக்கரை தன் மார்பில் வாங்கிய அடி அது. ஆச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

அதே அலைதான் நாகப்பட்டினத்தையும் அடித்தது. அந்த மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். தாத்தா கப்பல் ஏறிய கரை, இறங்கிய கரை, தம்பி போய்ச் சேர்ந்த தீவு மூன்றையும் ஒரே நாளில் ஒரே கடல் தொட்டது. அன்று இரவு மேடானுக்கும் ஊருக்கும் மாறி மாறித் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்த அப்பாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு புகைமூட்டம். 1997, 2015, 2019. சுமத்ராவில் கரிநிலம் எரிந்தால் நம் கொம்தார் கோபுரம் மறைந்துவிடும். 2015இல் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. எல்லை கடந்த புகையைத் தடுக்க ஆசியான் உடன்படிக்கை 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014இல்தான். இதைப் பற்றி நான் சற்றுக் கோபமாகப் பேசியபோது அத்தை குறுக்கிட்டார்.

"எங்கூருலேருந்துதான் புகை வருதுன்னு எல்லாரும் ஏசுறீங்க. எங்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா மருமவனே? உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி அதை நாங்கதானே குடிக்கிறோம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சுமத்ராவின் செம்பனைத் தோட்டங்களில் மலேசியர்களின் முதலீடும் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஐம்பது நிமிட தூரம்

முன்பு பினாங்கிலிருந்து மேடானின் பெலாவான் துறைமுகத்துக்கு விரைவுப் படகு ஓடியது. ஐந்தாறு மணி நேரம். அலை அதிகமானால் வயிறு குடலைத் தேடும். மலிவு விமானங்கள் வந்த பிறகு, 2010 வாக்கில் அது நின்றுபோனது. மீண்டும் விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் மீண்டும் கப்பல் விட்டார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விமானம் ஐம்பது நிமிடம்தான். மேடான் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். பத்து மணிக்கு இங்கே ஏறினால் ஒன்பது ஐம்பதுக்கு அங்கே இறங்கலாம். ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடும் ஊர் அது. ஆனால் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அவர்கள் வருகிறார்கள். நம் தனியார் மருத்துவமனைகளின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பாருங்கள். பாதிப்பேர் மேடான்காரர்களாக இருப்பார்கள்.

அத்தையுடன் அவருடைய பத்து வயதுப் பேரனும் வந்திருந்தான். என் மகளோடு மலாயில் பேசி ஒரே நாளில் நண்பனாகிவிட்டான். தமிழ் தெரியாது. அத்தையின் பிள்ளைகளுக்குக் கேட்டால் புரியும், பேச வராது. பேரனுக்கு அதுவும் இல்லை. "அங்க பள்ளிக்கூடம் ஏது? கோயில்ல சொல்லிக் குடுத்தாங்க. எங்களோட சரி" என்றார் அத்தை. அவருடைய தமிழ் என் பாட்டியின் தமிழ். இங்கே நாங்கள் மறந்துபோன சொற்கள் அதில் இருந்தன.

1816இல் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது இதே பினாங்கில். இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பினாங்கில் மட்டும் 28. நாம் அதைக் குறை சொல்லிக்கொண்டே, பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி. அண்ணன் பேரனின் மகள் படிக்கவும் எழுதவும் தமிழ் இருக்கிறது. தம்பி வீட்டில் அது அத்தையோடு நிற்கிறது. இந்தக் கோடு எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

கண் கட்டு அவிழ்த்து, மருத்துவர் போகலாம் என்றதும், அத்தையை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனேன். புடவை வாங்குவார் என்று நினைத்தேன். முதலாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலும் ஓர் எழுத்துப் பயிற்சி ஏடும் கேட்டார். "கண்ணு நல்லாத் தெரியுது. நானே சொல்லிக் குடுக்கிறேன்" என்றார்.

அவர் போய் இரண்டு மாதமாகிறது. போன வாரம் இரவு பத்தரை மணிக்கு என் கைப்பேசியில் ஒரு குரல் பதிவு. பின்னணியில் இடி முழக்கம்.

"மருமவனே, இங்க பேய் மழை. விடியக்காலம் அங்க வந்துடும். கொடியில துணி இருந்தா எடுத்து உள்ள போடு."

அவர் பேசி முடிக்கும் முன் ஒரு சிறுவனின் குரல், தயங்கித் தயங்கி, "மா... மழை" என்றது.

எழுந்து போய்த் துணிகளை எடுத்து உள்ளே போட்டேன். நான்கு மணிக்குக் கூரை படபடத்தது.